ஒரு பட்டியலுக்கு இரண்டு பெயர்கள்

பைத்தான் படிக்கத் தொடங்குபவர்கள் முதல் சில வகுப்புகளில் அதிகம் திணறுவதில்லை. ஒரு மாறியில் எண்ணை வைக்கிறார்கள், கூட்டிப் பார்க்கிறார்கள், திரையில் விடை வருகிறது. லிஸ்ட் என்னும் பட்டியல் வந்த பிறகுதான் சிக்கல் தலைகாட்டுகிறது. பட்டியலை உருவாக்குவதிலோ, அதிலிருந்து ஓர் உறுப்பை எடுப்பதிலோ யாருக்கும் பெரிய குழப்பமில்லை. ஒரு பட்டியலை இன்னொரு மாறிக்கு மதிப்பிருத்தும் வரியில்தான் கால் இடறுகிறது. அந்த ஒரு வரி ஏன் இத்தனை பேரைத் தடுமாற வைக்கிறது, அதைப் பற்றி நடந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன, பாடம் நடத்துபவர்கள் எதை மாற்றிக்கொள்ளலாம் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

2008 டிசம்பரில் வெளியான பைத்தான் 3 முதல் மாறிகளுக்குத் தமிழ் எழுத்துகளிலேயே பெயர் வைக்கலாம். எனவே இங்கே வரும் வரிகளை அப்படியே தட்டச்சு செய்து ஓட்டிப் பார்க்கலாம்.

மதிப்பெண் = [72, 85, 64]
பழையது = மதிப்பெண்
மதிப்பெண்[0] = 90

மறுகூட்டலில் ஒரு மாணவரின் முதல் பாட மதிப்பெண் 72இலிருந்து 90 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். திருத்துவதற்கு முன் பழைய மதிப்பெண்களைப் பத்திரப்படுத்தி வைக்கவே இரண்டாவது வரி எழுதப்பட்டது. இப்போது ‘பழையது’ என்று தட்டிப் பார்த்தால் பைத்தான் [90, 85, 64] என்று காட்டுகிறது. 72ஐ எங்குமே காணோம். பிழைச்செய்தி ஏதும் வரவில்லை. எழுத்துப்பிழை இருக்குமோ என்று மாணவர் மூன்று வரிகளையும் திரும்பத் திரும்பப் படிக்கிறார். எல்லாம் சரியாகவே இருக்கிறது. இதே வேலையை எண்களை வைத்துச் செய்து பார்க்கிறார்.

அ = 10
ஆ = அ
அ = 20

இங்கே ஆ இன்னும் 10ஆகவே இருக்கிறது. எண்ணுக்கு ஒரு விதி, பட்டியலுக்கு வேறொரு விதி என்று அவர் முடிவுகட்டிவிடுகிறார். புத்தகங்கள் சிலவும் ‘எண்கள் நகலாகும், பட்டியல்கள் நகலாகா’ என்று எழுதி இந்த முடிவை உறுதிப்படுத்திவிடுகின்றன. இது தவறு.

இடப்பக்கம் வெறும் பெயர் மட்டும் இருக்கும்போது பைத்தானில் சமக்குறி செய்யும் வேலை ஒன்றே ஒன்று. வலப்பக்கம் இருப்பதைக் கணக்கிட்டு, கிடைத்த பொருளுக்கு இடப்பக்கப் பெயரைச் சூட்டுகிறது. எண்ணானாலும் பட்டியலானாலும் எதையும் அது நகலெடுப்பதில்லை. ஆ = அ என்ற வரி ஓடி முடிந்ததும் 10 என்ற ஒரே பொருளுக்கு அ, ஆ என்று இரண்டு பெயர்கள் இருக்கின்றன. பழையது = மதிப்பெண் என்ற வரிக்குப் பிறகும் நிலைமை அதுதான்: ஒரு பட்டியல், இரண்டு பெயர்கள். இதுவரை இரண்டு நிரல்களும் ஒன்றுபோலவே நடந்துகொள்கின்றன.

அவை பிரியும் இடம் மூன்றாவது வரி. அ = 20 என்பது பெயரை நகர்த்துகிறது. அ என்ற பெயர் 10ஐ விட்டுவிட்டு 20க்குப் போய்விடுகிறது. 10க்கு ஒன்றும் ஆகவில்லை, ஆ அதையே பிடித்துக்கொண்டிருக்கிறது. மதிப்பெண்[0] = 90 என்ற வரியோ பெயரைத் தொடுவதே இல்லை. அந்தப் பெயர் எந்தப் பட்டியலைக் குறிக்கிறதோ, அந்தப் பட்டியலுக்குள் புகுந்து சுழியம் என்ற சுட்டெண் உள்ள இடத்தை மாற்றுகிறது. வீட்டில் ஒரு பெயரும் பள்ளியில் ஒரு பெயரும் உள்ள பிள்ளைக்கு முடி வெட்டிவிட்டால், எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் முடி வெட்டிய பிள்ளைதானே வந்து நிற்கும்? எண்களில் இந்த வேறுபாடு வெளியே தெரியாமல் போவதற்குக் காரணம், பைத்தானில் எண் என்பது மாற்ற முடியாத பொருள். 10 என்ற பொருளின் உள்ளே புகுந்து எதையும் திருத்த வழியில்லை. ஆகவே இரண்டு பெயர்கள் அதைப் பகிர்ந்துகொண்டிருப்பது ஒருபோதும் யார் கண்ணிலும் படுவதில்லை.

என்னைப் பொறுத்தவரை இந்தச் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. எண்களை மட்டும் வைத்து மதிப்பிருத்தலைச் சொல்லிக்கொடுத்தால், மாணவர் மனத்தில் எந்தப் படம் பதிந்தாலும் விடை சரியாகவே வரும். தவறான படமும் வாரக்கணக்கில் தேர்ச்சி பெற்றுவிடும். பட்டியல் வரும்போது அது முதன்முதலாகச் சோதனைக்கு உள்ளாகிறது. அதற்குள் அந்தப் படம் ஊறிப்போயிருக்கும்.

குழப்பத்தில் சமக்குறிக்கும் பங்குண்டு. வேல்ஸ் நாட்டுக் கணித அறிஞர் ராபர்ட் ரெக்கார்ட் 1557இல் அச்சேற்றிய அந்தக் குறி, இரண்டு பக்கமும் சமம் என்று சொல்வதற்காகப் பிறந்தது. பள்ளிக் கணிதத்தில் பத்தாண்டுகள் அதை அப்படியே பழகியவருக்கு, க = க + 1 என்ற வரி அபத்தமாகத் தோன்றுவது இயல்பு. ஜெர்மனியின் கொன்ராட் சூசே 1940களில் வகுத்த பிளான்கல்கூல் மொழியில் மதிப்பு இடப்பக்கம் இருக்கும், அது போய்ச்சேரும் மாறி வலப்பக்கம் இருக்கும், நடுவில் அம்பு போன்ற குறி வரும். 1957இல் ஐபிஎம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் சமக்குறியை எடுத்துக்கொண்டது. ஆல்கால் 60உம் அதன் வழியில் 1970இல் நிக்லாஸ் விர்த் உருவாக்கிய பாஸ்கலும் முக்காற்புள்ளியையும் சமக்குறியையும் சேர்த்து := என்று எழுதின. சி மொழி ஃபோர்ட்ரான் பக்கம் சாய்ந்தது; ஒப்பிடுவதற்கு இரட்டைச் சமக்குறியை வைத்துக்கொண்டது. 1991இல் கைடோ வான் ராசம் வெளியிட்ட பைத்தானும் அதே வழக்கத்தைத் தொடர்ந்தது. மதிப்பிருத்தலுக்குச் சமக்குறியைத் தேர்ந்தது மோசமான முடிவு என்று விர்த் பிற்காலத்தில் கடுமையாகவே எழுதினார்.

விர்த் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் குறியை மாற்றினால் தீரக்கூடியது பாதிச் சிக்கல்தான். ‘இது சமன்பாடு இல்லை’ என்பதை := உணர்த்திவிடும். பட்டியல் நகலாகிறதா, பகிரப்படுகிறதா என்பதைப் பற்றி எந்தக் குறியும் வாய் திறப்பதில்லை.

இந்தத் தடுமாற்றங்களை ஆய்வாளர்கள் கவனிக்கத் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. நிரலாக்கம் கற்பதில் உள்ள இடர்ப்பாடுகளைப் பற்றி பெனடிக்ட் டு பூலே 1986இல் எழுதிய கட்டுரை இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. மாறி என்பது ஒரு பெட்டி என்று சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தை அவர் அதில் ஆராய்ந்தார். பெட்டி என்றால் அதில் பல பொருள்களைப் போடலாம். ஆகவே ஒரு மாறியில் ஒரே சமயத்தில் பல மதிப்புகள் இருக்கலாம் என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். ஒரு பெட்டியில் இருந்ததை எடுத்து மற்றொன்றில் போட்டால் முதல் பெட்டி காலியாகிவிடும். ஆகவே மதிப்பிருத்திய பிறகு வலப்பக்க மாறி வெறுமையாகிவிடும் என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். நிரல் ஓடும்போது கணினிக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு மாணவர் மனத்தில் ஒரு கற்பனை இயந்திரம் தேவை என்ற கருத்தை நிரலாக்கக் கல்வியில் நிலைநாட்டியவரும் அவரே.

2006இல் லண்டன் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தின் சயீத் தெஹ்னாதியும் ரிச்சர்ட் போர்னாட்டும் சுற்றுக்கு விட்ட ஒரு வரைவுக் கட்டுரை பெரும் பரபரப்பைக் கிளப்பியது. நிரலாக்கமே கற்றிராத மாணவர்களிடம் ஒரு வினாத்தாளைக் கொடுத்தார்கள். அதன் முதல் கேள்வி: ஒரு மாறியில் 10, இன்னொன்றில் 20, பிறகு முதலாவது = இரண்டாவது என்று ஒரு வரி; இப்போது இரண்டிலும் என்ன இருக்கும்? மதிப்பு வலமிருந்து இடம் போகும் என்றவர்கள் உண்டு, இடமிருந்து வலம் என்றவர்கள் உண்டு. இரண்டும் இடம் மாறிக்கொள்ளும் என்றும், இரண்டும் கூடிவிடும் என்றும்கூட விடைகள் வந்தன. எந்தப் படமானாலும் எல்லாக் கேள்விகளுக்கும் அதையே மாறாமல் பயன்படுத்தியவர்கள் தேர்ச்சி பெறுவார்கள், கேள்விக்குக் கேள்வி படத்தை மாற்றியவர்கள் தோற்பார்கள் என்று அந்த வரைவு வாதிட்டது. நிரலாளர்களை வகுப்பு தொடங்கும் முன்பே பிரித்துவிடலாம் என்பதுபோல் அதைப் பலர் படித்தார்கள். பின்னர் நடந்த சோதனைகள் அவ்வளவு கூர்மையான பிரிவினையைக் காட்டவில்லை. 2014இல் போர்னாட் அந்த உரிமைகோரலை வெளிப்படையாகவே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

திரும்பப் பெற்ற செய்தி, முதல் செய்தி போன அளவுக்குப் போகவில்லை என்பது எனக்கு வருத்தம். ‘சிலருக்கு இது பிறவியிலேயே வராது’ என்ற பேச்சை ஆசிரியர் அறைகளில் இன்றும் கேட்கலாம். அந்த ஆய்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. ஒரே ஒரு வரியை அறிவுள்ள மனிதர்கள் இத்தனை விதமாகப் படிக்க முடியும் என்பதற்கு அது நல்ல சான்று. அந்த விடைகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தர்க்கம் இருக்கிறது. ஆசிரியர் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாதவரை திருத்த முடியாது.

பட்டியல்களோடு நேரடியாகத் தொடர்புடையது கிளாஸ்கோவின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு. முதலாண்டு ஜாவா பாடத்தை முடித்த மாணவர்களிடம் இரண்டு வகை மதிப்பிருத்தலையும் சோதித்தார்கள். எண் போன்ற எளிய மதிப்புகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரின் புரிதல் தவறாக இருந்தது. பொருளின் முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் மதிப்பிருத்தலைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் 17 விழுக்காட்டினர் மட்டுமே. ஓராண்டு முழுவதும் படித்த பிறகு கிடைத்த கணக்கு இது. சரியான படம் மனத்தில் இருந்தவர்கள் தேர்வுகளிலும் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு நன்றாகச் செய்தார்கள் என்பதையும் அந்த ஆய்வு காட்டியது.

2018இல் நெதர்லாந்தின் ஃபெலியென் ஹெர்மான்ஸும் அவருடைய குழுவினரும் புதிதாகக் கற்கும் 496 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பெட்டி என்றும் மற்றதற்குப் பெயர்ச்சீட்டு என்றும் மாறியை விளக்கினார்கள். மாறியில் ஒரே நேரத்தில் இரண்டு மதிப்புகள் இருக்கலாம் என்ற தவறான எண்ணம் பெட்டிக் குழுவில் அதிகமாகத் தெரிந்தது. டு பூலே சொல்லி முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அது எண்ணிக்கையோடு உறுதிப்பட்டது.

பெட்டிப் படத்தோடு பட்டியல்களுக்குள் நுழைபவரை அடுத்தடுத்துக் காத்திருக்கும் குழிகளில் முதலாவது += என்ற குறி. அ += 1 என்பது அ = அ + 1 என்பதன் சுருக்கம் என்றே எல்லோரும் படிக்கிறோம். எண்களுக்கு அது சரி.

அ = [1, 2]
ஆ = அ
அ = அ + [3]

இங்கே வலப்பக்கம் ஒரு புதிய பட்டியல் உருவாகி, அ அதற்குப் பெயராகிறது. ஆ பழைய [1, 2]இலேயே நிற்கிறது. மூன்றாவது வரியை மட்டும் அ += [3] என்று மாற்றிப் பாருங்கள். இருக்கும் பட்டியலே நீண்டுவிடுகிறது. ஆவைக் கேட்டாலும் [1, 2, 3] என்று வருகிறது. சுருக்கம் என்று சொல்லப்பட்ட வரி வேறொரு வேலையைச் செய்துவிட்டது.

மூன்றுக்கு மூன்று கட்டம் போட்ட விளையாட்டுப் பலகை இன்னொரு பிரபலமான குழி.

பலகை = [[0] * 3] * 3
பலகை[0][0] = 5

ஒரு கட்டத்தில் 5 வைத்தால் [[5, 0, 0], [5, 0, 0], [5, 0, 0]] என்று மூன்று வரிசைகளிலும் 5 வந்து உட்கார்ந்துகொள்கிறது. வெளியே உள்ள பெருக்கல் மூன்று வரிசைகளை உருவாக்கவில்லை. ஒரே வரிசையை மூன்று இடங்களில் மாட்டியிருக்கிறது. உள்ளே உள்ள பெருக்கலும் ஒரே சுழியத்தைத்தான் மூன்று முறை மாட்டியது, ஆனால் சுழியத்தை மாற்ற முடியாது என்பதால் அதனால் தீங்கில்லை. [[0] * 3, [0] * 3, [0] * 3] என்று தனித்தனியே எழுதினாலோ, மடக்குக்குள் ஒவ்வொரு வரிசையாக உருவாக்கினாலோ பலகை சரியாகிவிடும்.

நகல்தான் வேண்டும் என்றால் அதை வெளிப்படையாகக் கேட்க வேண்டும். பழையது = மதிப்பெண்[:] என்று எழுதியிருந்தால் முதல் எடுத்துக்காட்டு எதிர்பார்த்தபடியே நடந்திருக்கும். இதைக் கற்றுக்கொண்டவர் நிம்மதி அடைந்திருக்கும்போதே அடுத்தது வருகிறது.

வகுப்பு = [[72, 85], [64, 91]]
நகல் = வகுப்பு[:]
நகல்[0][0] = 0

வகுப்பு என்ற பட்டியலிலும் 72 போய்ச் சுழியம் வந்துவிடும். நகலானது வெளிப்பட்டியல் மட்டுமே. உள்ளே இருக்கும் இரண்டு பட்டியல்களும் இன்னும் பகிரப்பட்டவையே. அடிவரை நகலெடுக்க, பைத்தானோடு வரும் காப்பி என்ற தொகுப்பில் உள்ள டீப்காப்பி என்ற செயற்கூற்றை அழைக்க வேண்டும். அதேபோல, பட்டியலை வரிசைப்படுத்தும் சார்ட் என்ற செயல் இருக்கும் பட்டியலையே அடுக்கிவிட்டு, நன் என்ற வெறுமையைத் திருப்பித் தருகிறது. அதன் விளைவை அதே பெயருக்கு மதிப்பிருத்தினால் பட்டியலே கையை விட்டுப் போய்விடும். இவை தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய விதிவிலக்குகளாகவே பயிற்சிக் குறிப்புகளில் இடம்பெறுகின்றன. பெயரை நகர்த்துவதும் பொருளை மாற்றுவதும் வெவ்வேறு செயல்கள் என்ற ஒரு புரிதலில் இவை அனைத்தும் அடங்கிவிடும்.

செயற்கூற்றுக்குப் பட்டியலை அனுப்பும்போதும் இதே கதைதான். அனுப்பப்பட்ட பட்டியலுக்குச் செயற்கூற்றுக்குள் இன்னொரு பெயர் கிடைக்கிறது. உள்ளே ஓர் உறுப்பை மாற்றினால் அனுப்பியவருக்கும் அது தெரியும். உள்ளே அந்தப் பெயருக்குப் புதிய பட்டியலை மதிப்பிருத்தினால் தெரியாது. இது மதிப்பை அனுப்புவதா, முகவரியை அனுப்புவதா என்று நேர்காணல்களில் கேட்கிறார்கள். எம்.ஐ.டி.யில் பார்பரா லிஸ்கோவ் 1970களின் நடுவில் தம் குழுவோடு உருவாக்கிய சி.எல்.யு. மொழியில் இம்முறைக்குப் பகிர்வு அழைப்பு என்றே பெயர் வைத்துவிட்டார். பைத்தானுக்கு அந்தப் பெயர் கச்சிதமாகப் பொருந்துகிறது.

பைத்தான் ஏன் இப்படிச் செய்கிறது? செலவுதான் முதல் காரணம். 64 பிட் கணினியில் பைத்தான் பட்டியல் தன் ஒவ்வோர் உறுப்புக்கும் 8 பைட் நீளமுள்ள ஒரு முகவரியை வைத்திருக்கிறது. பத்து லட்சம் உறுப்புகள் உள்ள பட்டியலை நகலெடுத்தால், உறுப்புகளைத் தொடாமல் முகவரிகளை மட்டும் எடுத்தாலும் 80 லட்சம் பைட்டுகளை நகர்த்த வேண்டும். பெயர் சூட்டுவதற்கு ஒரு முகவரி போதும். மொழிகள் எல்லாம் இந்த வழியையே தேர்ந்தன என்று சொல்ல முடியாது. ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், ரூபி ஆகியவை பைத்தானைப் போலவே பகிர்கின்றன. சி++ மொழியில் வெக்டர் ஒன்றை இன்னொன்றுக்கு மதிப்பிருத்தினால் எல்லா உறுப்புகளும் நகலாகும். பழைய சி மொழியில் அணியை அப்படி மதிப்பிருத்தவே முடியாது. 2014இல் ஆப்பிள் வெளியிட்ட ஸ்விஃப்ட் நகல் தருவதாகவே நடந்துகொள்கிறது, ஆனால் யாராவது ஒருவர் மாற்றும் வரை உள்ளுக்குள் பகிர்ந்துகொண்டு சிக்கனம் செய்கிறது. பிஎச்பியின் அணிகளும் அவ்வாறே. ரஸ்ட் மொழியில் வெக்டரை மதிப்பிருத்திய பிறகு பழைய பெயரைப் பயன்படுத்தினால் நிரல் தொகுக்கப்படவே மாட்டாது. மதிப்பு கைமாறினால் பழைய மாறி காலியாகிவிடும் என்று டு பூலேயின் மாணவர்கள் நினைத்ததற்கு மிக நெருக்கமான மொழி ஒன்று இன்று புழக்கத்தில் இருக்கிறது.

இந்த வேறுபாடு தமிழ்நாட்டுப் பள்ளி மாணவரை நேரடியாகப் பாதிக்கிறது. மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுப்பவர் பதினோராம் வகுப்பில் சி++ படிக்கிறார், பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானுக்கு மாறுகிறார். சி++ மொழியில் பெட்டிப் படம் பெருமளவு சரி. ஒரு முழு எண் மாறிக்கு நினைவகத்தில் அதற்கே உரிய இடம் உண்டு. ஸ்ட்ரக்சர் ஒன்றை இன்னொன்றுக்கு மதிப்பிருத்தினால் உள்ளே இருப்பவை அத்தனையும் நகலாகின்றன. அதை நன்றாகக் கற்ற மாணவர்தான் அடுத்த ஆண்டு பைத்தான் பட்டியலில் அதிகமாக ஏமாறுகிறார். வேறொரு மொழிக்குச் சரியான அறிவையே அவர் இங்கே கொண்டுவந்திருக்கிறார். ‘போன வருடம் நீ படித்தது அங்கே சரி, இங்கே பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவு வேறு’ என்று பைத்தானின் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டால் பெரும்பகுதி குழப்பம் தொடங்கவே தொடங்காது.

ஆகவே மதிப்பிருத்தலைச் சொல்லிக்கொடுக்கும் அன்றே மூன்று உறுப்புகள் உள்ள ஒரு பட்டியலையும் கரும்பலகையில் எழுத வேண்டும் என்பது என் வாதம். மடக்குகள், செயற்கூறுகள் எல்லாம் முடிந்த பிறகு பட்டியல் என்ற பாட வரிசை, மாணவருக்கு எளிமையாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் அமைந்தது. அதனால் விளைவது தவறான படத்துக்கு நீண்ட ஆயுள். இடப்பக்கம் பெயர்கள், வலப்பக்கம் பொருள்கள், நடுவே அம்புகள் என்று வரைந்தால் போதும். கணினி இருந்தால் பிலிப் குவோ 2010இல் உருவாக்கிய பைத்தான் டியூட்டர் என்ற இணையக் கருவி இந்தப் படத்தை ஒவ்வொரு வரிக்கும் தானே வரைந்து காட்டும். பகிர்வைச் சோதிக்க எண்களைப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. வழக்கமான பைத்தான் -5 முதல் 256 வரையுள்ள எண்களை முன்கூட்டியே உருவாக்கி வைத்து எல்லோருக்கும் அதையே கொடுப்பதால், இரண்டு பெயர்களும் ஒரே பொருளா என்ற கேள்விக்கு எண்ணைப் பொறுத்து விடை மாறி, தேவையில்லாத குழப்பம் வரும்.

நிரலை ஓட்டுவதற்கு முன் விடையை எழுதி வைக்கும் பழக்கமும் வேண்டும். செய்முறை வகுப்பில் நிரலைத் தட்டச்சு செய்து, வந்த விடையைப் பதிவேட்டில் ஒட்டுவதோடு வேலை முடிந்துவிடுகிறது. என்ன வரும் என்று எதிர்பார்த்தார் என்பது எங்கும் பதிவாவதில்லை. தேர்வுத் தாளில் இப்படி ஒரு கேள்வி வரலாம்:

அ = [1, 2]
ஆ = அ
இ = அ[:]
அ[0] = 7
ஆ = [5]

‘ஒவ்வொரு வரியும் ஓடி முடிந்தபின் எந்தப் பெயர் எந்தப் பட்டியலைச் சுட்டுகிறது என்று படம் வரைக.’ சரியான கடைசிப் படத்தில் மூன்று பட்டியல்கள் இருக்கும்: அவுக்கு [7, 2], ஆவுக்கு [5], இக்கு [1, 2]. விடையை மட்டும் கேட்டால் தவறு என்று சுழிக்கத்தான் முடியும். படத்தைக் கேட்டால், தவறிய வரி எது என்றே ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். இக்குத் தனிப் பட்டியல் வரையாதவர் மூன்றாவது வரியில் நகலைக் கவனிக்கவில்லை. ஆவையும் அவையும் ஒரே [5]க்கு இழுத்தவர் ஐந்தாவது வரியைப் பொருளில் நடந்த மாற்றமாக எடுத்துக்கொண்டிருக்கிறார். இரண்டாவது வரியிலேயே இரண்டு பட்டியல்கள் வரைந்தவரிடம் சி++ பெட்டி இன்னும் இருக்கிறது. அவருக்கு மறுபடி தொடங்க வேண்டியது அங்கிருந்து.